சட்டம் கேளுங்கள்: அண்ணன் கம்பெனியின் பாக்கியைத் தம்பி கம்பெனி கேட்கலாமா?

இம்முறை எடுத்துக்கொண்ட கடிதங்கள் அனைத்தும் காவிரிப் படுகையிலிருந்து வந்தவை. கிடங்கு, கடை, நார் ஆலை, குளிர்பதனக் கூடம் என்று இடங்கள் மாறினாலும் சிக்கல் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரே குடும்பம் இரண்டு மூன்று பெயர்களில் தொழில் நடத்துகிறது, வாடகைப் பத்திரம் ஒரு பெயரில் இருக்கிறது, பணமோ பொறுப்போ வேறொரு பெயருக்குப் போய்விட்டது. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

வாசகர், நீடாமங்கலம்

எங்கள் குடும்பத்துக்கு இரண்டு பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் உள்ளன. இரண்டிலும் நானும் என் தம்பியும்தான் இயக்குநர்கள். முதல் கம்பெனிக்கு, பக்கத்து ஊராட்சியில் ஒரு கிடங்கு சொந்தமாக இருந்தது. அதை 2022 ஏப்ரலில், பதிவு செய்த பத்திரத்தின் மூலம், ஐந்து ஆண்டுகளுக்கு ஓர் உர விநியோகக் கம்பெனிக்கு விட்டோம். மாத வாடகை 85,000 ரூபாய், அட்வான்ஸ் 2,55,000 ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து வாடகை வரவில்லை. இதற்கிடையில், சம்பா கொள்முதலுக்குக் கூடுதல் வங்கிக் கடன் வாங்குவதற்காக, 2025 அக்டோபர் 1 அன்று கிடங்கை அரிசி வியாபாரம் செய்யும் எங்கள் இரண்டாவது கம்பெனிக்குக் கிரயம் செய்துகொடுத்தோம். டிசம்பர் கடைசியில் வாடகைதாரர் சாவியைக் கொடுத்துவிட்டுக் காலி செய்தார். தளம் அரித்துக் கிடக்கிறது, கூரைத் தகடுகள் பல இடங்களில் ஓட்டையாகிவிட்டன. பன்னிரண்டு மாத வாடகையும் பழுதுச் செலவு 6 லட்சமும் கேட்டு இரண்டாவது கம்பெனியின் பெயரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். 'செப்டம்பர் வரையிலான பாக்கியைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. கடைசி மூன்று மாதம் அட்வான்ஸில் நேராகிவிட்டது. நஷ்டஈடும் உங்களுக்கு வராது' என்று பதில் வந்திருக்கிறது. இரண்டும் எங்கள் கம்பெனிதானே ஐயா, யார் கேட்டால் என்ன?

பதில்: நீங்கள் வருத்தப்பட்டாலும் சொல்லியாக வேண்டும்: பதில் நோட்டீஸை எழுதியவர் பாதிக்கு மேல் சரியாகவே எழுதியிருக்கிறார்.

கம்பெனி என்பது அதன் பங்குதாரரிடமிருந்தும் இயக்குநரிடமிருந்தும் வேறான ஒரு சட்ட நபர். 1954-இல் பாச்சா குஸ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. தேயிலைக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஒருவர், கம்பெனியின் வருமானத்தில் பெரும்பகுதி விவசாய வருமானம் என்பதால் தனக்கு வரும் ஈவுத்தொகையையும் அவ்வாறே கொள்ள வேண்டும் என்று கேட்டார். பங்குதாரருக்குக் கம்பெனியின் சொத்தில் உரிமை ஏதும் இல்லை என்று கூறி நீதிமன்றம் அதை மறுத்தது. ஆகவே, அண்ணன் தம்பி இருவரும் இரண்டு கம்பெனிகளிலும் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதால் முதல் கம்பெனிக்கு வரவேண்டிய பணம் இரண்டாவது கம்பெனிக்கு வரவேண்டியதாகிவிடாது.

உங்கள் கதையில் முக்கியமான தேதி அக்டோபர் 1. வாடகைக்கு விடப்பட்ட சொத்து கைமாறும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 109-ஆம் பிரிவு கூறுகிறது. கிரயம் வாங்கியவர் அந்த நாள் முதல் கட்டட உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். வாடகைதாரர் புதிதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் அதே பிரிவின் காப்புரை, கிரயத்துக்கு முன்பே சேர்ந்துவிட்ட வாடகைப் பாக்கி வாங்கியவருக்குச் சேராது என்கிறது. எனவே 2025 ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான ஒன்பது மாதப் பாக்கி, 7,65,000 ரூபாய், இன்றும் முதல் கம்பெனியின் பணம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களின் 2,55,000 ரூபாய்தான் இரண்டாவது கம்பெனியுடையது. உங்கள் நோட்டீஸ் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் போட்டதுதான் எதிர்த்தரப்புக்கு வசதியாகப் போயிற்று. பத்திரத்தின் காலம் 2027 மார்ச் வரை இருந்தாலும், மறுப்பேதும் எழுதாமல் சாவியை வாங்கிக்கொண்டிருந்தால் எஞ்சிய மாதங்களுக்கு வாடகை கேட்பது கடினம். அதை நீங்கள் கேட்காததும் நல்லதுதான்.

ஒன்பது மாதப் பாக்கியை இரண்டாவது கம்பெனிக்கு மாற்றிக்கொடுக்க வழி இருக்கிறது. ஏற்கெனவே சேர்ந்து, தொகை தெரிந்த வாடகைப் பாக்கி ஒரு கடன். நீதிமன்றத்தில் கேட்டு வாங்கத்தக்க இத்தகைய கடனை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 130-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அது எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றிக்கொடுப்பவரோ அதிகாரம் பெற்ற அவருடைய முகவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் கட்டாயம். கையெழுத்தானதுமே மாற்றம் முழுமையடைகிறது, அதன்பின் பெற்றுக்கொண்டவர் தன் சொந்தப் பெயரிலேயே வழக்குப் போடலாம். ஆனால் 'இரண்டும் நம்முடையதுதானே' என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டு முதல் கம்பெனியின் வரவேண்டிய பட்டியலிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளிவிடுவது இந்தப் பிரிவின்கீழ் மாற்றம் ஆகாது. டெல்டாவில் நான் பார்க்கும் குடும்பக் கம்பெனிகளில் பத்துக்கு ஒன்பது இதைத்தான் செய்கின்றன. ஆடிட்டர் கேட்கும்வரை தப்பாகத் தெரியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும்போது தெரியும்.

பத்திரம் எழுதும்போது 'எல்லாப் பாக்கிகளும்' என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். எந்தக் கிடங்கு, எந்தத் தேதியிட்ட வாடகைப் பத்திரம், அதன் பதிவு எண், மாதவாரியாக எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று ஓர் அட்டவணை இருக்கட்டும். மாற்றிக்கொடுப்பதற்குப் பிரதியாக இரண்டாவது கம்பெனி என்ன கொடுக்கிறது என்பதையும் எழுதுங்கள். பணமாக இல்லாவிட்டால், இரு கம்பெனிகளுக்கும் இடையிலுள்ள எந்தக் கணக்கில் நேர்செய்யப்படுகிறது என்பதைக் குறிப்பிடுங்கள். முதல் கம்பெனிக்காக நீங்களும் இரண்டாவதுக்காகத் தம்பியும் கையெழுத்திடுங்கள். ஒரே ஆள் இரண்டு பக்கமும் கையெழுத்திடுவது செல்லாது என்று நான் சொல்லவில்லை; குறுக்கு விசாரணையில் அரைமணி நேரத்தை அது தின்றுவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். இரு கம்பெனிகளிலும் இயக்குநர் குழுத் தீர்மானம் தேவை. நீங்கள் இருவரும் இரண்டிலும் அக்கறை உள்ளவர்கள் என்பதால், கம்பெனிகள் சட்டம், 2013-இன் 184-ஆம் பிரிவு கேட்கும் அறிவிப்பையும், தொடர்புடைய தரப்பினருக்கிடையிலான பரிவர்த்தனை பற்றிய 188-ஆம் பிரிவையும் உங்கள் கம்பெனிச் செயலரிடமோ ஆடிட்டரிடமோ காட்டி, கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள்.

சேர்ந்துவிட்ட பாக்கியை மட்டும் மாற்றிக்கொடுக்கும் இப்பத்திரத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. இனி வரப்போகும் வாடகையை மாற்றிக்கொடுப்பது வேறு: அது நிலத்திலிருந்து எழும் பலன், அசையாச் சொத்தின் கணக்கில் வரும், பதிவும் தேவைப்படும். முத்திரைத் தீர்வை இரண்டு வகைக்கும் உண்டு. குறைவான முத்திரையோடு வரும் பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியத்தில் ஏற்காமல் நிறுத்திவைக்கும் என்பதால், எழுதுவதற்கு முன்பே தீர்வை எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். முதல் கம்பெனி எந்த வங்கியிலாவது நடைமுறை மூலதனக் கடன் வாங்கியிருக்கிறதா? அப்படியானால் அந்தக் கம்பெனிக்கு வெளியிலிருந்து வரவேண்டிய கடன்கள் அனைத்தும் வங்கிக்கு ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்டிருப்பது வழக்கம், கம்பெனிப் பதிவாளரிடம் அந்தப் பொறுப்பு பதிவாகியும் இருக்கும். வங்கியின் சம்மதம் இல்லாமல் அதே பாக்கியை இரண்டாவது கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தால் வாடகைதாரரோடு இருக்கும் சண்டை போதாதென்று வங்கியோடும் ஒன்று வரும்.

மாற்றம் முடிந்ததும் வாடகைதாரருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 131-ஆம் பிரிவின்படி அதில் முதல் கம்பெனியின் கையெழுத்தும், பெற்றுக்கொண்ட கம்பெனியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அறிவிப்பு இல்லாவிட்டாலும் மாற்றம் செல்லும். ஆனால் அது கிடைக்கும்வரை வாடகைதாரர் முதல் கம்பெனியிடமே பணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிட்டால் அவர் கடன் தீர்ந்ததுதான். அது போலவே, 132-ஆம் பிரிவின்படி, முதல் கம்பெனிக்கு எதிராக வாடகைதாரர் என்னென்ன வாதம் வைத்திருந்தாரோ அவை அனைத்தும் இரண்டாவது கம்பெனிக்கு எதிராகவும் செல்லும். கைமாறியதால் கடன் சுத்தமாகிவிடாது. கூரை ஒழுகியதற்காக மூன்று மாத வாடகையைக் குறைத்துக்கொள்வதாக முதல் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்திருந்தால், அந்தக் குறைப்பும் கூடவே வரும்.

இனி அட்வான்ஸ். அது முதல் கம்பெனி வாங்கிய பணம். கிரயப் பத்திரத்தில் 'வாடகைதாரரின் முன்பணம் 2,55,000 ரூபாய் வாங்குபவரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தால் பிரச்சினை இல்லை. உங்கள் பத்திர நகலில் அப்படி ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் 109-ஆம் பிரிவில் வாடகைதாரருக்கு ஒரு தேர்வு உண்டு: பத்திரத்தின் கீழான பொறுப்புகளுக்குப் புதிய உரிமையாளரைப் பொறுப்பாளியாகக் கொள்ளலாம், இல்லையென்றால் பழையவரையே பிடிக்கலாம். அட்வான்ஸைத் திருப்பித் தரும் பொறுப்பு இந்தப் பிரிவுக்குள் தானாகவே வருமா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் நான் அந்த வாதத்தில் நேரம் செலவழிக்க மாட்டேன். மொத்தப் பாக்கி 10,20,000 ரூபாய். அட்வான்ஸை எந்த மாதத்தில் கழித்தாலும் மிச்சம் 7,65,000. எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு என்பதை உங்களுக்குள் எழுதி முடித்துக்கொண்டு, அட்வான்ஸைக் கழித்தே கேட்டால் அந்த எதிர்வாதம் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

நஷ்டஈடுதான் இதில் சிக்கலான பகுதி. அதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின் (உ) உட்பிரிவு, வெறும் வழக்குத் தொடரும் உரிமையை மாற்றிக்கொடுக்க முடியாது என்கிறது. தொகை தீர்மானிக்கப்படாத நஷ்டஈட்டுக் கோரிக்கை, நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை கடன் ஆவதில்லை. வெறும் வழக்குரிமை என்ற வகையில்தான் அது சேர்கிறது. ஆகவே, 'கிரயத்துக்கு முன் வாடகைதாரர் செய்த சேதங்களுக்கான நஷ்டஈட்டு உரிமை' என்று ஒரு வரியை மாற்றுப் பத்திரத்தில் சேர்த்தால் அந்த வரி நிற்காது. பாக்கிக்கான நல்ல மாற்றத்தோடு அதைக் கலந்து வைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை.

ஆனால் உங்களுக்கு அந்த வரி தேவைப்படாமலும் போகலாம். நீங்கள் அனுப்பிய புகைப்படங்களில் தளம் வாசல் பக்கம் நன்றாக இருக்கிறது. பின்சுவரை ஒட்டி, மூட்டை அடுக்கிய வரிசைகளில் மட்டும் சிமென்ட் பொரிந்து சல்லி தெரிகிறது. தூண்களின் அடிப்பாகத்தில் துரு ஏறி இரும்பு அடுக்கடுக்காக உரிந்திருக்கிறது. பொட்டாஷ் மூட்டை கசிந்து மழைக்கால ஈரத்தோடு சேர்ந்தால் இப்படித்தான் தின்னும்; அடியில் மரச்சட்டமும் தார்ப்பாயும் போட்டு அடுக்கியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. இந்தச் சேதம் எந்த மாதத்தில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 108-ஆம் பிரிவின்படி, நியாயமான தேய்மானம் நீங்கலாக, இடத்தைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே வைத்திருந்து குத்தகை முடியும்போது அந்த நிலையில் ஒப்படைக்க வேண்டியது வாடகைதாரரின் கடமை. ஒப்படைக்க வேண்டிய நாள் டிசம்பரில் வந்தது. அன்று உரிமையாளர் இரண்டாவது கம்பெனி. ஆகவே கோரிக்கையை 'முன்பு சேதப்படுத்தினார்' என்று எழுதாமல், 'பெற்ற நிலையில் ஒப்படைக்கத் தவறினார்' என்று எழுதினால் அது இரண்டாவது கம்பெனியின் சொந்த உரிமை; எவரிடமிருந்தும் வாங்க வேண்டியதில்லை. பொறியாளர் ஒருவரின் மதிப்பீட்டு அறிக்கையைப் பழுது பார்ப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் சொந்த விருப்பத்தையும் சொல்கிறேன். நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் மாற்றுப் பத்திரமே எழுத மாட்டேன். இரு கம்பெனிகளையும் ஒரே வழக்கில் வாதிகளாகச் சேர்த்து, ஒன்பது மாதம் முதல் வாதிக்கு, மூன்று மாதமும் பழுதும் இரண்டாம் வாதிக்கு என்று தனித்தனியாகக் கேட்பேன். ஒரே பத்திரத்திலிருந்து எழுந்த, பொதுவான கேள்விகளைக் கொண்ட கோரிக்கைகளுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதை அனுமதிக்கிறது. முத்திரை, வங்கிச் சம்மதம், கூட்டக் குறிப்பு எதுவும் வேண்டாம். முதல் கம்பெனியைக் கலைக்கவோ வேறொருவருக்கு விற்கவோ எண்ணம் இருந்தால் மட்டும் மாற்றுப் பத்திரம் அவசியம்.

எந்த வழியானாலும் காலவரம்பு மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு மாத வாடகைக்கும் தனித்தனியாக ஓடும். 2025 ஜனவரி வாடகையின் கெடு 2028 ஜனவரியில் முடிகிறது. தவறான கம்பெனியின் பெயரில் வழக்குப் போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் சரியான கம்பெனியைச் சேர்த்தால், சேர்த்த நாளில்தான் அதன் வழக்குத் தொடங்கியதாகப் பொதுவாகக் கொள்ளப்படும். நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று நீதிமன்றம் ஏற்றால் மட்டும் விலக்கு. கிடங்கு ஊராட்சி எல்லையில் இருப்பதால், நகர்ப்புறக் கட்டடங்களுக்கான 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் உங்களுக்கு வராது. முழுக்க முழுக்க வணிகத்துக்குப் பயன்பட்ட இடம், தொகையும் 3 லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்காத வழக்கில், முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சமரசத்துக்கு விண்ணப்பிப்பது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அங்கே போகும்போது இரு கம்பெனிகளின் வருமானவரி 26ஏ.எஸ். படிவத்தையும் எடுத்துச்செல்லுங்கள். வாடகைதாரர் யார் பெயரில் டி.டி.எஸ். (வாடகையில் பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டினார் என்பது அதில் மாதவாரியாகத் தெரியும். அவரே கொடுத்த வாக்குமூலம் போன்றது அது.

வாசகர், கும்பகோணம்

பெரிய கடைத்தெருவில் என் தந்தை காலத்திலிருந்து வாடகைக்கு இருக்கும் பாத்திரக் கடை. வாடகை ஒப்பந்தம் என் தனிப்பெயரில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினேன். எல்லாப் பங்குகளும் எனக்கும் என் மனைவிக்கும்தான். அன்றிலிருந்து வாடகை கம்பெனிக் காசோலையில் போகிறது, கட்டட உரிமையாளரும் வாங்கிக்கொள்கிறார். இப்போது 'உள்வாடகைக்கு விட்டுவிட்டீர்கள், காலி செய்யுங்கள்' என்கிறார். கடையில் அதே கல்லாவில் அதே நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்: கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மாறவில்லை, வாடகைதாரர் மாறிவிட்டார் என்பதுதான் அவர் வாதம், அதற்கு உச்ச நீதிமன்றத்தின் துணையும் இருக்கிறது. 1986-இல் ஜெனரல் ரேடியோ வழக்கில், வாடகைதாரராக இருந்த கம்பெனி உயர் நீதிமன்ற ஆணையின்படி மற்றொரு கம்பெனியோடு இணைந்தது. அப்படி இணைந்ததால் வாடகை உரிமை கைமாறியதும், உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாதபோது, ஆந்திர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வெளியேற்றத்துக்குக் காரணம் ஆகும் என்று தீர்ப்பானது. 2004-இல் சிங்கர் இந்தியா வழக்கிலும் அதே முடிவு. நீதிமன்ற ஆணையால் நடந்த இணைப்புக்கே அந்தக் கதி என்றால், நாமே விரும்பிச் செய்த மாற்றத்துக்குச் சலுகை எதிர்பார்ப்பது கடினம். தொழிலில் ஒரு பங்காளியைச் சேர்த்துக்கொண்டு நீங்களும் தொடர்ந்து இருந்திருந்தால் நிலைமை வேறு. உண்மையான கூட்டு வியாபாரத்தை நீதிமன்றங்கள் உள்வாடகையாகக் கொள்வதில்லை. கம்பெனி என்றதும் அந்தக் கதவு ஏறத்தாழ மூடிவிடுகிறது.

உங்களுக்குச் சாதகமாக இருப்பது மூன்று ஆண்டுக் காசோலைகள். கம்பெனியையே வாடகைதாரராக அவர் ஏற்றுக்கொண்டார் என்று வாதிடலாம். ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனியின் பெயரில் ரசீதும், ஜி.எஸ்.டி. பதிவுக்காக அவர் கொடுத்த சம்மதக் கடிதமும் இருந்தால் அது எழுத்தில் அமைந்த சம்மதத்துக்கு மிக அருகில் வருகிறது. கடை விலாசத்தில் கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. வாங்கியபோது உரிமையாளரிடம் நிச்சயம் ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். முதலில் அதைத் தேடுங்கள். வெறும் காசோலையை வாங்கி வங்கியில் போட்டது மட்டும்தான் என்றால், பணம் வந்த கணக்கின் பெயரை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு இடம் உண்டு.

கும்பகோணம் மாநகராட்சி என்பதால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம் உங்கள் கடைக்கு வரும். அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளரின் முன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வாடகை உரிமையை மாற்றவும் கூடாது. பேச்சுவார்த்தைக்கு இடம் இருந்தால், வாடகையைச் சற்று உயர்த்திக் கொடுத்தாவது கம்பெனியின் பெயரில் புது ஒப்பந்தம் போட்டுக்கொள்வதே என் ஆலோசனை. கடை இருப்பது கோயில் மனை என்றால் உங்களோடு பேசும் 'உரிமையாளர்' தானே ஒரு குத்தகைதாரராக இருக்கலாம். அறநிலையத்துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட கோயில் குத்தகைக்கு ஆணையரின் அனுமதி தேவை, அது இல்லாத பத்திரம் செல்லாது. அவரிடம் என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாமல் அவரிடமிருந்து புது ஒப்பந்தம் வாங்க வேண்டாம்.

வாசகர், பட்டுக்கோட்டை

நாங்கள் வாடகை இடத்தில் தென்னை நார் ஆலை நடத்துகிறோம். இடம் ஒரு கம்பெனியுடையது. அதன் சிஸ்டர் கன்சர்ன் எங்களிடம் நார் வாங்கிவிட்டு 4 லட்ச ரூபாய் தராமல் இழுக்கிறது. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. அந்த 4 லட்சம் நேராகும்வரை வாடகை கொடுக்காமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு கடனை மற்றொரு கடனில் கழிக்க, இரண்டும் அதே இரு தரப்புக்கு இடையில் இருக்க வேண்டும். நீங்கள் வாடகை கொடுக்க வேண்டியது ஒரு கம்பெனிக்கு. உங்களுக்குப் பணம் தர வேண்டியது இன்னொரு கம்பெனி. முதலாளி ஒருவர் என்பது நீடாமங்கலம் வாசகருக்கு எப்படி உதவவில்லையோ அப்படியே உங்களுக்கும் உதவாது. நீங்களாக வாடகையை நிறுத்தினால், அவருக்குக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணத்தை நீங்களே கையில் கொடுத்தது போல் ஆகும். வாடகை தராததால் குத்தகை பறிபோகும் நிலை வந்தாலும், பாக்கி, வட்டி, செலவு அனைத்தையும் கட்டிவிட்டால் நீதிமன்றம் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின்கீழ் மன்னிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை, உங்கள் உரிமை அல்ல.

செய்யக்கூடியது இது: முதலாளியையே உட்காரவைத்து மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். சிஸ்டர் கன்சர்ன் தரவேண்டிய 4 லட்சத்தை இடத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது, அது இன்ன மாதம் முதல் வாடகையில் இவ்வளவு வீதம் கழிக்கப்படும் என்று இருக்கட்டும். வரவேண்டிய கடனை வசூலிக்கும் உரிமையை ஒருதலையாக மாற்றலாம். கடனைக் கட்ட வேண்டிய பொறுப்பைக் கடன்கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. 1962-இல் கர்தா கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. அதனால்தான் மூன்று கையெழுத்து. அவர் மறுத்தால், நார் விற்ற பில்கள், லாரி வாடகைச் சீட்டு, எடைச்சீட்டு ஆகியவற்றோடு சிஸ்டர் கன்சர்ன் மீது தனி வழக்குத்தான்.

வாசகர், நாகப்பட்டினம்

எங்கள் குளிர்பதனக் கூடத்தை ஒரு பெரிய மீன் ஏற்றுமதிக் குழுமத்தின் துணைக் கம்பெனிக்கு ஒன்பது ஆண்டுக் குத்தகைக்கு விட்டோம். பேரம் பேசியது, முதல் வருட வாடகை அனுப்பியது எல்லாம் தாய்க் கம்பெனி. கையெழுத்து மட்டும் துணைக் கம்பெனி. இப்போது துணைக் கம்பெனியிடம் ஒன்றும் இல்லை என்கிறார்கள். தாய்க் கம்பெனியைப் பிடிக்க முடியுமா?

பதில்: உத்தரவாதப் பத்திரம் எதுவும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் வலிக்கும் இடம். கையெழுத்திட்ட அன்று தாய்க் கம்பெனியின் உத்தரவாதம் ஒன்றைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. உத்தரவாதம் இல்லாதபோது, மோசடியை மறைப்பதற்காகவே கம்பெனி உருவாக்கப்பட்டது போன்ற அரிதான நிலைமைகளில்தான் நீதிமன்றம் கம்பெனித் திரையை விலக்கிப் பின்னால் இருப்பவரைப் பார்க்கும். துணைக் கம்பெனி ஏழை என்பது அதற்குப் போதாது.

ஆனால் உங்கள் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் நடுவர் தீர்ப்புக்கான (ஆர்பிட்ரேஷன்) ஒரு விதி இருக்கிறது. 2020 டிசம்பரில் வித்யா துரோலியா வழக்கில், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் கீழான குத்தகைத் தகராறுகளை நடுவர் மன்றம் தீர்க்கலாம் என்றும், தனி வாடகைச் சட்டத்தின்கீழ் சிறப்பு மன்றத்துக்கு ஒதுக்கப்பட்டவற்றைத் தீர்க்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் கூடம் எந்த வகையில் வருகிறது என்பதை அது அமைந்த இடத்தை வைத்து முதலில் தீர்மானியுங்கள். நடுவர் மன்றத்துக்குப் போகக்கூடியது என்றால், 2023 டிசம்பரில் காக்ஸ் அண்ட் கிங்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது உங்களுக்குப் பயன்படும்: கையெழுத்திடாத குழுமக் கம்பெனியும், ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பதிலும் நிறைவேற்றுவதிலும் எவ்வளவு ஈடுபட்டது என்பதைப் பொறுத்து, நடுவர் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்ட தரப்பாகக் கொள்ளப்படலாம். பேரம் பேசிய மின்னஞ்சல்கள், தாய்க் கம்பெனிக் கணக்கிலிருந்து வந்த வாடகை வரவுகள், அவர்களுடைய பொறியாளர் வந்து அமோனியா கம்பிரசரைப் பார்த்துக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்குங்கள். இதனால் தாய்க் கம்பெனியை நடுவர் முன் நிறுத்தலாம். பணம் கொடுக்க வேண்டும் என்று நிரூபிப்பது அதற்குப் பிறகு உள்ள வேலை.

வாசகர், மயிலாடுதுறை

எங்களுக்கு வரவேண்டிய கடை வாடகைப் பாக்கி 5 லட்சத்தை, எங்கள் வழக்கறிஞரே 2 லட்சத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு தன் பொறுப்பில் வசூலிப்பதாகச் சொல்கிறார். அல்லது வசூலாவதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார். சரியா?

பதில்: இரண்டுமே கூடாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 136-ஆம் பிரிவு, நீதிபதிகள், வழக்கறிஞர்கள், நீதிமன்ற அலுவலர்கள் ஆகியோர் இத்தகைய வசூல் உரிமையை வாங்குவதையும், அதில் பங்கு பெற ஒப்புக்கொள்வதையும் தடை செய்கிறது. அவர் அதை வைத்து வழக்குப் போட்டால் நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. பாக்கியை விற்க விரும்பினால் வழக்கறிஞரல்லாத எவருக்கும் 130-ஆம் பிரிவின்படி எழுதிக்கொடுக்கலாம். வழக்கறிஞருக்கு உரிய கட்டணத்தைப் பேசிக் கொடுத்துவிடுங்கள், ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.